காட்டின் நிலத்தடிக் களஞ்சியம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள், டேனியல் நெப்ஸ்டட் என்னும் அமெரிக்க வனநூல் அறிஞர் அமேசான் பெருங்காட்டில் நிகழ்த்திய ஆராய்ச்சியாகும்.

மரம் தன் உணவை ஆக்கிக்கொள்ளக் கரியமில வாயு வேண்டும். அவ்வாயு இலையிலுள்ள நுண்துளைகளின் வழியே உட்புகும். அத்துளைகள் திறந்திருக்கும் பொழுதெல்லாம் மரத்தின் நீர் ஆவியாய் வெளியேறும். நீரைக் காக்கத் துளையை மூடினாலோ உணவு குறையும். ஆதலின் வறட்சியுற்ற மரத்தின் நிலை இருதலைக்கொள்ளி எறும்பின் நிலையே.

பிரேசில் நாட்டுப் பாரா மாநிலத்தின் வடகிழக்கில் ஆண்டுதோறும் ஐந்து மாதம் வரை மழை அருகும். ஆயினும் அங்குள்ள காடு பசுமை மாறுவதில்லை. இஃது எவ்வாறு? நெப்ஸ்டட் ஆழ்குழிகள் தோண்டி ஆராய்ந்தார். 8 மீட்டருக்கும் கீழே, அஃதாவது 26 அடிக்கும் கீழே, வேர்கள் சென்று நீர் உண்கின்றன என்று அவரும் துணைவரும் 1994இல் வெளியிட்டனர். அவ்வாழ்ந்த மண்ணில் மிகுந்த கரியும் சேமிக்கப்பட்டிருத்தலைக் கண்டனர். மறு ஆண்டில், பிரேசிலில் அமேசான் ஆராய்ச்சிக்கெனக் கழகம் ஒன்று கண்டோருள் அவரும் ஒருவர்.

நிற்க. அந்நிலத்தடிக் களஞ்சியம் வறண்டால் யாது நிகழும்? இதனை அறிய, தபஜோஸ் தேசியக் காட்டில் 1 ஹெக்டேர் நிலத்தை, அஃதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரை, வரைந்துகொண்டு, சுற்றிலும் அகழி வெட்டினர். 2000 முதல் மாரிக்காலந்தோறும் மரங்களின் கீழே பிளாஸ்டிக் பலகைகளைப் பரப்பி, இலைகளினின்று சொட்டும் நீரில் நூற்றுக்கு 60 பங்கை மண்ணில் சேராதவாறு தடுத்தனர். அருகே மற்றொரு நிலத்தை ஒப்புநோக்கற்கு இயல்பாக விட்டனர்.

தொடக்கத்தில் காடு தாங்கி நின்றது. மரங்களின் பருத்தல் மட்டும் குறைந்தது. மேலே பசுமை, கீழே சேமிப்பு கரைந்துகொண்டிருந்தது. மூன்றாண்டுகள் கடந்தபின் கணக்கிட்டபொழுது, பெருமரங்கள் மடியும் வீதம் நான்கரை மடங்காயிற்று. இடைப்பட்ட மரங்களுக்கு இரு மடங்காயிற்று. சிறுசெடிகள் அவ்வளவாகத் துன்புறவில்லை. ஓங்கி வளர்ந்து வெயிலை நேரே ஏற்கும் பெருமரங்களே முதலில் வீழ்ந்தன. காட்டின் கரியில் பெரும்பகுதியைத் தாங்குவனவும் அவையே. அவை மடிந்து மக்குங்கால் அக்கரி வாயுவாய் மீண்டும் வானிற் கலக்கும்.

இது வெறுஞ் சோதனையாகவே நின்றிலது. 2005, 2010, 2015 ஆகிய ஆண்டுகளில் அமேசான் நாடு கொடிய வறட்சியுற்றது. 2023இல் மனாவுஸ் நகரத்தருகே நீக்ரோ ஆறு, 1902இல் அளவெடுக்கத் தொடங்கியது முதல் காணாத தாழ்நிலை எய்தியது. 2024இல் அதனினும் தாழ்ந்தது.

அன்பர்களே! குதிரிலே நெல் குறைவதை முற்றத்தில் நிற்பவன் அறியான். அடுப்பு எரியும்வரை வீடு செழிப்பாகவே தோன்றும். காட்டின் நிலையும் அதுவே. இலை பசுமையாயிருத்தல் கண்டு நலமென்று இருந்துவிடலாகாது. மண்ணைத் தோண்டிப் பார்க்கும் பொறுமை வேண்டும். அப்பொறுமையே இவ்வறிஞரின் கல்வி. நம் இளைஞருள் சிலரேனும் வனநூல் பயில முற்படுவாராயின் யான் பேசியதன் பயன் எய்தியவனாவேன்.