அண்ணாச்சி, ஸ்டாண்டு!

தூத்துக்குடியில் வண்டி ஓட்டுறவங்களுக்கு இது தெரியும். சைடு ஸ்டாண்டை மடக்காமல் கிளம்பினால் பத்து அடி போறதுக்குள் டீக்கடையிலிருந்தோ, எதிரே வர்ற ஆட்டோவிலிருந்தோ ஒரு குரல் வரும்: "அண்ணாச்சி, ஸ்டாண்டு!" யார் சொன்னாங்கன்னு திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். காலால் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

அந்தக் குரலோட வேலையை இப்போ ஒரு சின்ன சுவிட்ச் செய்யுது. ஸ்டாண்டு மடங்குற போல்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் போட்டால் என்ஜின் நின்னுடும். ஸ்கூட்டர்னா பெரும்பாலும் ஸ்டார்ட்டே ஆகாது. ஐரோப்பாவில் 1993லேயே இதற்கு விதி போட்டாங்க: ஸ்டாண்டு தானா மடங்கணும், இல்லைன்னா வண்டி நகரக் கூடாது. நம்ம ஊரில் 2020ல் பி.எஸ்.6 வந்ததை ஒட்டி வந்த நிறைய வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

பிரச்சினை என்னன்னா, நம்ம ஊர் உப்பு. சுற்றிலும் உப்பளம், ஒரு பக்கம் கடல். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிற சுவிட்ச் எத்தனை நாள் தாங்கும்? என் பைக்கில் ரெண்டே வருஷம். ஸ்டாண்டு மேலே இருக்கும், வண்டி கீழே இருக்குன்னு நினைச்சு ஆஃப் ஆகும். ஒரு தடவை துறைமுகம் போற ரோட்டில், பின்னால் கன்டெய்னர் லாரி வரும்போதே ஆஃப் ஆச்சு. அந்தப் பயத்தில்தான் மெக்கானிக் கிட்ட போனேன். "டைரக்ட் பண்ணிடுவோமா?"ன்னார். ரெண்டு வயரை வெட்டி முறுக்கி டேப் சுத்தினார். அஞ்சு நிமிஷம். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், சரின்னு தலையாட்டினது நான்.

டைரக்ட் பண்ணின பிறகு மீட்டரில் ஸ்டாண்டு விளக்கும் எரியாது. அதாவது ஸ்டாண்டு எப்பவும் மேலேதான் இருக்குன்னு வண்டி நம்புது. நம்மையும் நம்ப வைக்குது.

மூணு மாசம் கழிச்சு சித்தப்பா மகன் வண்டியை வாங்கிட்டுப் போனான். திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவன். விடியக்காலை, தெருவில் ஆள் இல்லை, குரல் கொடுக்க யாரும் இல்லை. அவனோட சொந்த வண்டியில் சுவிட்ச் நல்லா வேலை செய்யும். ஸ்டாண்டோட கியர் போட்டால் வண்டியே நிறுத்திச் சொல்லும்னு அவன் காலுக்குப் பழகியிருக்கு. என் வண்டி எதுவும் சொல்லல. நேரா போற வரைக்கும் ஒண்ணும் ஆகல. பீச் ரோட்டில் இடது பக்கம் சாய்ச்சுத் திருப்பினான். ஸ்டாண்டு இருக்கிறதும் இடது பக்கம்தானே! அது தரையில் ஊன்றி வண்டியைத் தூக்கிவிட்டுது. டயருக்குப் பிடி போச்சு. மணிக்கட்டு எலும்பு முறிவு, ஆறு வாரம் கட்டு. ஆறு வாரம் கடலில் இறங்க முடியாது, வருமானம் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தப்பா கேட்டது ஒண்ணுதான். "வயரை வெட்டுனது இருக்கட்டும்ல. அவன்ட்ட சொன்னியா?"

சொல்லல. எனக்கே மறந்து போச்சு.

சுவிட்சே இல்லாத பழைய வண்டிக்காரர் தன் காலைத்தான் நம்புவார், தப்பிச்சுடுவார். சுவிட்ச் இருந்து, அதை ரகசியமா எடுத்துட்ட வண்டிதான் மோசம்.

புது சுவிட்ச் என் வண்டிக்கு 400 ரூபாய்க்குள் முடிஞ்சுது. இப்போ வாரம் ஒரு முறை அந்த இடத்தை நல்ல தண்ணியில் கழுவித் துடைக்கிறேன், அவ்வளவுதான். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போறீங்களா? நியூட்ரலில் ஸ்டார்ட் பண்ணி, ஸ்டாண்டை இறக்கி, கிளட்சை முழுசா பிடிச்சு முதல் கியர் போட்டுப் பாருங்க. அந்த மாடலில் சுவிட்ச் இருந்தும் என்ஜின் ஓடிக்கிட்டே இருந்தால், யாரோ வயரில் கை வைச்சிருக்கலாம். விலை பேசுறதுக்கு முன்னாடி அதைக் கேளுங்க.

தம்பிக்குக் கட்டு பிரிச்சாச்சு, கடலுக்கும் போறான். என் வண்டியை மட்டும் இன்னும் கேட்கிறதில்லை.