ஏரியாவை விட்டுப் போகணுமா?

(வடசென்னையில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கலந்துகொண்ட ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் தேநீர் இடைவேளையில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, படிச்சு முடிச்சு வேலை கிடைச்சதும் முதல் வேலையா இந்த ஏரியாவை விட்டுப் போயிடணும்னு நினைக்கிறேன். அது தப்பா?" பக்கத்தில் நின்ற இன்னொரு தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. "அது துரோகம்டா" என்றார். இரண்டு பேருக்கும் நான் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது நான் பேசப் போவது அந்தப் பதிலைத்தான்.

நம் மக்கள் இந்த நகரத்துக்கு ஏன் வந்தார்கள்? வெறும் பிழைப்புக்காக மட்டும் வரவில்லை. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசினார். எல்லாரும் கிராமத்தைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய நேரம் அது. அவர்தான் கிராமத்தின் குறுகிய புத்தியையும் அறியாமையையும் சபையில் போட்டு உடைத்தார். கிராமத்தில் ஊர் வேறு, சேரி வேறு. நீ யார், உன் அப்பன் யார், எந்தத் தெரு என்பது எல்லாருக்கும் தெரியும். நகரத்தில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவனுக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பதே நமக்கு ஒரு விடுதலைதான்.

இந்த நகரம் நமக்கு அச்சு எந்திரத்தைக் கொடுத்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியது சென்னையில். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தது இராயப்பேட்டையிலிருந்து. ஒருவர் வாசிக்க, சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பதற்குத் தெரு வேண்டும், திண்ணை வேண்டும், கூட்டம் வேண்டும். அது இங்கே இருந்தது. துறைமுகம், ரயில்வே, பின்னி மில் என்று வேலை இருந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூர் மில் தொழிலாளர்களை வைத்துத்தான்.

ஆனால் சாதியும் அதே ரயிலேறி வந்தது, தோழர்களே. 1921இல் அதே மில்லில் வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளி சாதியாகப் பிளந்தான். புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. நகரத்துக்கு வந்துவிட்டால் சாதி கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால், புளியந்தோப்புக்குப் போய்க் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இனி நம் ஏரியாவுக்கு வருவோம். நான் வியாசர்பாடிக்காரன். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்க தெருவுக்கு வந்து பாருங்க. ஒரு பக்கம் பந்து உதைக்கிற பசங்க, ஒரு பக்கம் கேரம் போர்டைச் சுற்றி ஒரு கூட்டம், மீன் வறுக்கிற வாசனை, வாசப்படியில் உட்கார்ந்து பேசுகிற அக்காமார்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் 3 தங்கம் வென்ற காசிமா, வடசென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தத் திறமை குளிரூட்டிய அரங்கத்தில் முளைத்ததில்லை. சாவு வீட்டில் பாடிய கானாவை, பாடினால் தீட்டு என்று ஒதுக்கின அந்தக் கானாவை, 2018இல் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேற்றியபோது நகரமே நின்று கேட்டது.

ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தைக்கு ஜுரம் தூக்கினால், 108 வருவதற்கு முன்னால் எதிர் வீட்டு ஆட்டோ அண்ணன் வந்து நிற்பார். சாவு விழுந்தால் பந்தல் போடுவதிலிருந்து பால் ஊற்றுவது வரை தெரு பார்த்துக்கொள்ளும். ஒரு பையனைப் போலீஸ் காரணமில்லாமல் அள்ளிக்கொண்டு போனால், கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் அம்மாக்கள் வந்து நிற்பார்கள். இந்தக் கூட்டம்தான் நம்முடைய சொத்து. இதை எந்த வங்கியும் அடகு வாங்காது, ஆனால் நமக்கு இருக்கிற ஒரே காப்பீடு இதுதான்.

சரி, இதோடு நிறுத்திவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். கலகலப்பு யாருக்கு என்று ஒரு கேள்வி இருக்கிறது. பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிற தங்கச்சிக்கு விடிய விடிய ஒலிக்கிற ஸ்பீக்கர் கலகலப்பா? பாபாசாகேப்பே பம்பாய் பரேலில் ஒற்றை அறை வீட்டில் வளர்ந்தவர். அந்தச் சத்தத்தில் படிக்க முடியாது என்று அவருடைய அப்பா அவரைச் சீக்கிரமே தூங்க வைத்து, இரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்தார். வெளியே உட்கார்ந்து படிக்க அவர் சர்னி ரோடு பூங்காவுக்குப் போனார். நம்மில் எத்தனை பெண்பிள்ளைகள் பூங்காவில் தனியாக உட்கார்ந்து படிக்க முடியும்? தெரு உன்னைப் பாதுகாக்கிறது, உண்மைதான். அதே தெரு உன்னை வேவும் பார்க்கிறது. யாரோடு பேசினாய், எத்தனை மணிக்கு வந்தாய் என்று கேட்கிறது. ஆண்கள் முச்சந்தியில் நின்று அரட்டை அடிக்கிற நேரத்தில், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பது யார்? சாராயத்தால் வீட்டில் அடி வாங்குவது யார்? இதையெல்லாம் 'நம்ம ஏரியா கெத்து' என்று பாட்டுப் பாடி மறைக்கக் கூடாது.

மழை பெய்தால் கேப்டன் காட்டன் கால்வாய் வீட்டுக்குள் வரும். வேலைக்கு மனுப்போட்டால் முகவரியைப் பார்த்ததும் முகம் மாறும். என் சொந்த அனுபவம் சொல்கிறேன். ஒரு கம்பெனியில் நேர்காணல். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன். கடைசியில் "வியாசர்பாடியா?" என்று ஒருத்தர் இன்னொருத்தரைப் பார்த்தார். அதோடு முடிந்தது. கிராமத்தில் தெருவைக் கேட்டான், நகரத்தில் பின்கோடைக் கேட்கிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான் சொன்ன குறைகள் கலகலப்பினால் வந்தவையா? சௌகார்பேட்டையில் நெரிசல் இல்லையா? ரங்கநாதன் தெருவில் சத்தம் இல்லையா? மயிலாப்பூர் மாடவீதியில் திருவிழா நாளில் கால் வைக்க இடம் இருக்கிறதா? அங்கே கூட்டம் கூடினால் பாரம்பரியம், இங்கே கூடினால் ஆக்கிரமிப்பு. சௌகார்பேட்டையை யாரும் நகரத்துக்கு வெளியே தூக்கிப் போடவில்லை. நம்மைத்தான் போடுகிறார்கள்.

1971இல் வந்த குடிசைப் பகுதிச் சட்டத்தின் பெயரிலேயே மேம்பாடு, அகற்றுதல் என்று இரண்டு வார்த்தைகள் இருக்கின்றன. ஆரம்ப காலத்தில் மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டினார்கள். பிறகு முதல் வார்த்தையை மறந்துவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்கள். 2000க்குப் பிறகு கண்ணகி நகர், அப்புறம் பெரும்பாக்கம். தீவுத்திடல் பக்கம் இருந்த சத்தியவாணிமுத்து நகர் மக்களை 2019 டிசம்பரில் பெரும்பாக்கத்துக்கு ஏற்ற ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூட வருஷத்தின் நடுவில்! நம் சமூகத்தில் பிறந்து அமைச்சரான ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய குடியிருப்புக்கு நடந்த கதி அது. சிமெண்ட் வீடு கிடைத்தது. வேலைக்குப் போகிற வழி தொலைந்தது, எதிர் வீட்டு ஆட்டோ அண்ணன் தொலைந்தார், ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்கிற அம்மாக்கள் ஆளுக்கு ஒரு பிளாக்கில் சிதறினார்கள். குறையைக் காட்டி நம்முடைய பலத்தைப் பிடுங்கிக்கொள்வது, இதுதான் அரசு எந்திரத்தின் தந்திரம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது தெளிவானது. சாக்கடையை அகற்று, எங்களை அகற்றாதே. இருக்கிற இடத்திலேயே வீடு கட்டு, பட்டாவைப் பெண்கள் பெயரில் கொடு. தெருவுக்கு ஒரு படிப்பகம் வை, பெண்பிள்ளைகள் ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார்ந்து படிக்க. சாக்கடைக்குள் மனிதனை இறக்காதே, ஆபத்தான முறையில் அப்படிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. அரசிடம் கேட்பதோடு நம் பங்கும் இருக்கிறது. பரீட்சை மாதத்தில் பத்து மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்த நமக்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

இப்போது அந்த இரண்டு தம்பிகளுக்கும் வருகிறேன். போகிறேன் என்று சொன்ன தம்பி, நீங்கள் போவது துரோகம் இல்லை. நல்ல காற்றுக்கும் ஓர் அறைக்கும் ஆசைப்படுவது மனித உரிமை. பாபாசாகேப்பும் ஒற்றை அறையிலிருந்து வெளியேறி, ஆயிரக்கணக்கான புத்தகங்களுக்கு இடம் வைத்து ராஜகிருகம் கட்டினார். ஆனால் அதே பாபாசாகேப் 1956இல் ஆக்ராவில், படித்தவர்கள் சமூகத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று வருந்தினார் என்பதையும் மறக்க வேண்டாம். போகிற இடத்தில் 'எந்த ஏரியா' என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து படிப்பகத்தைத் திறங்கள்.

துரோகம் என்று கோபப்பட்ட தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். போகிறவனைத் திட்டுவது சுலபம். போக வேண்டிய அவசியமே இல்லாத ஏரியாவாக இதை ஆக்குவதுதான் அரசியல். உங்கள் கோபத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்பீம்.