குளியல் தொட்டியும் கழிவுநீர்க் குழாயும்

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் துரையின் பங்களா மேட்டில் இருக்கும். தொழிலாளரின் லயங்கள் பெரும்பாலும் அதற்குக் கீழே சரிவில் இருக்கும். ஆகவே, மேலே ஒரு வீட்டில் வெளியேறும் நீர் கீழே உள்ளவர்களின் வாசலை நோக்கியே இறங்குகிறது. பங்களாவின் குளியலறையில் நடைபெறும் சிறு மாற்றங்கூட அந்த வீட்டோடு முடிந்துவிடுவதில்லை.

ஹட்டன், டிக்கோயா, நுவரெலியாப் பகுதிகளின் பழைய பங்களாக்கள் பலவற்றில், வார்ப்பிரும்பினால் செய்து எனாமல் பூசிய கனத்த குளியல் தொட்டிகள் உண்டு. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட நுவரெலியாவின் குளிருக்கு, வெந்நீர் நிறைந்த தொட்டி இதமாகவே இருந்திருக்கும். காலம் மாறிற்று. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. 2005ஆம் ஆண்டில் காசல்ரீ நீர்த்தேக்கத்தை அடுத்த பங்களாக்கள் சில உல்லாசப் பயணிகளின் விடுதிகளாயின. முதியோர் உயர்ந்த விளிம்பைத் தாண்டி இறங்குவது கடினம் என்பதாலும், நீரும் விறகும் மிச்சமாகும் என்பதாலும், தொட்டியை அகற்றிச் சவர் பொருத்துவோர் பெருகி வருகின்றனர்.

இங்கேதான் ஒரு தவறு நேர்கிறது. தொட்டியை அகற்றுகின்றவர்கள், தரைக்கு அடியிலுள்ள பழைய குழாயை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேலேயே புதுத் தரையைப் போட்டுவிடுகின்றனர். தொட்டிக்கு ஒன்றரை அங்குலக் குழாய் போதும். நீர் மெல்ல வடிந்தாலும் தொட்டியின் உயர்ந்த சுவர் அதைத் தாங்கி நிற்கும். சவருக்கோ அத்தகைய சுவர் கிடையாது. வடிதல் சற்றே தாமதித்தாலும் நீர் அறைக்குள் பரவும். எனவே இரண்டு அங்குலக் குழாய் வேண்டும். அரை அங்குலந்தானே என்று எண்ணலாகாது. நீர் செல்லும் வாயின் பரப்பு ஏறக்குறைய முக்கால் பங்கு அதிகமாகிறது.

பழைய குழாய்கள் ஈயத்தாலோ நாகம் பூசிய இரும்பாலோ ஆனவை. இரும்பு உள்ளே துருப்பிடித்து, சவர்க்கார அழுக்குப் படிந்து, வாய் குறுகிவிடும். ஈயம் காலப்போக்கில் தொய்ந்து பிளக்கும். வெளியே தெரியாத கசிவு பலகைத் தரையையும் அதைத் தாங்கும் மரங்களையும் உளுக்கச் செய்துவிடும்.

புதுக் குழாயை அடிக்குக் கால் அங்குலம் சரியுமாறு பதிக்க வேண்டும். பத்தடிக்கு இரண்டரை அங்குலம். வடிவாயின் அடியில் நீர் தங்கி நிற்கும் வளைவு ஒன்று அவசியம். 1775இல் அலெக்ஸாண்டர் கமிங் என்பவர் லண்டனில் காப்புரிமை பெற்ற மலசலகூட அமைப்பிலும் இத்தகைய வளைவே இருந்தது. அதில் இரண்டு அங்குல ஆழத்துக்கேனும் நீர் நின்றால், கானின் துர்நாற்றமும் பூச்சிகளும் அறைக்குள் வரமாட்டா. வேகமாக ஓடும் நீர் அந்தத் தங்கு நீரையும் இழுத்துச் சென்றுவிடாதபடி, காற்றுக் குழாய் ஒன்று கூரைக்கு மேல் செல்ல வேண்டும். இவ்வளவும் முடிந்தபின், குழாயின் முனையை அடைத்து, நீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்து வைக்க வேண்டும். மட்டம் இறங்காதிருந்தால் மட்டுமே சீமெந்து போடலாம். இந்தச் சோதனைக்குச் செலவு ஏதுமில்லை. தரையை மீண்டும் உடைப்பதற்கோ பெருஞ்செலவாகும்.

குழாய் அறையைத் தாண்டியதும் கடமை தீர்ந்துவிடுகிறதா? பல தோட்டங்களில் ஊற்று நீரும் ஓடை நீருமே குழாய் வழியாகப் பீலிக்கு வருகின்றன. அந்தப் பீலியில்தான் லயத்துப் பெண்கள் குடம் நிரப்புகின்றனர். பங்களாவின் அழுக்கு நீரைத் திறந்த கானில் விட்டால், அது அந்த ஓடையை அடைய வெகுநேரம் ஆகாது. ஊற்றுக்கும் ஓடைக்கும் எட்டிய இடத்தில் உறிஞ்சு குழி அமைத்து, குழாயை அங்கே கொண்டுசேர்ப்பதே முறை.

மலையின் நீர் மலையோடு நின்றுவிடுவதுமில்லை. டிக்கோயாவின் ஓடைகள் கெஹெல்கமு ஓயாவிற் கலந்து காசல்ரீயை நிரப்பி, பின்னர் மஸ்கெலி ஓயாவுடன் சேர்ந்து களனி கங்கையாகின்றன. கொழும்பு நகரம் பருகும் நீரில் பெரும்பகுதி அந்தக் களனியிலிருந்தே எடுக்கப்படுகிறது. நானுஓயாவின் நீரோ கொத்மலை வழியாக மகாவலியை அடைகிறது.

பளபளக்கும் சவரை விருந்தினர் பாராட்டுவர். தரைக்கு அடியிலுள்ள குழாயை எவரும் பார்ப்பதில்லை. ஆயினும் பீலியடியில் குடத்தோடு நிற்கும் பெண்ணுக்கு நன்மை செய்வதும் தீமை செய்வதும் அந்தக் குழாய்தான். குளியலறையை மாற்றியமைக்க முன்வருவோர் முதலில் செலவிட வேண்டியது அதற்கே.