எல்லை வேலியும் இணக்கமும்

(நூற்றாண்டு விழாவில், சட்டத்துறையிலுள்ள பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சட்டம் படித்த நாட்களில் நாங்கள் முதலிற் பழகியது வாதாடத்தான். எதிர்த்தரப்பை மடக்கத் தெரிந்தவரே நல்ல சட்டத்தரணி என்று எண்ணினோம். ஊருக்குத் திரும்பித் தொழில் தொடங்கிய பிறகுதான் வேறொன்று விளங்கியது. எல்லை வேலியில் கதியாலை ஒரு முழம் தள்ளி நாட்டியதற்காக அண்ணனும் தம்பியும் நீதிமன்றம் ஏறுவார்கள். ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பு வரும். மறுநாளும் இரு வீட்டாரும் அதே பங்குக் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளவேண்டும்.

இத்தகைய பிணக்குகளுக்காகவே 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் ஆக்கப்பட்டது. சட்டம் குறிக்கும் தொகை வரையான பெரும்பாலான சொத்து, கடன் பிணக்குகள் முதலில் இச்சபைக்கே போகவேண்டும்; 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அத்தொகை 5 இலட்சம் ரூபாயாக இருந்தது. இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழ் இல்லாமல் வழக்குத் தொடர முடியாது. ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவுசெய்யும். அவ்விருவரும் சேர்ந்து தலைவரைத் தெரிவுசெய்வர். தரப்பினருக்காகச் சட்டத்தரணி அங்கே பேச இயலாது. நடுத்தீர்ப்பில் நடுவரின் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். மத்தியஸ்தர் அப்படி எதையும் விதிப்பதில்லை. தரப்பினர் தாமே ஒப்புக்கொண்டதுதான் முடிவு.

ஆனால், பெண்கள் கூடியுள்ள இச்சபையில் ஒன்றைச் சொல்லாமல் அமர எமக்கு மனம் வரவில்லை. இணக்கம் வேறு, அடங்கிப்போதல் வேறு. அடிபட்டு வந்த மனைவியிடம், "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ பிள்ளை" என்று சொல்லி அனுப்புவதை நாங்கள் கண்டிருக்கிறோம். அது மத்தியஸ்தம் அல்ல. பயமின்றிப் பேசக்கூடிய இருவருக்கு இடையில்தான் மத்தியஸ்தம் நடக்கலாம். பயத்தோடு வாழும் பெண்ணுக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது; நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். எதைப் பேசித் தீர்ப்பது, எதற்கு நீதிமன்றம் போவது என்று பிரித்தறிவதையும் சட்டம் படிக்கும் எங்கள் தங்கைமாருக்குக் கற்பிக்கவேண்டும்.

விடுதியில் ஒரு வாளிக்காக இருவர் சண்டை பிடித்த நாட்கள் உங்களுக்கும் நினைவிருக்கும். மூத்த மாணவி ஒருவர் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு, குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்பார். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். அந்தப் பொறுமைதான் மத்தியஸ்தருக்கு முதல் தகுதி.

ஓய்வுபெற்று ஊரிலிருக்கும் அக்காமாரே, உங்கள் பிரதேச மத்தியஸ்த சபையில் சேர முன்வாருங்கள். அது சம்பளமில்லாத தொண்டு, பயிற்சி தருவார்கள். கடல் கடந்து வாழும் சகோதரிகளே, ஊர்க்காணி பற்றி உடன்பிறந்தவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புமுன், ஒருமுறை தொலைபேசியில் அவர் சொல்வதை முழுவதும் கேளுங்கள்.