படிக்கவும் வினவவும் கற்பிப்போம்

(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கம் ஒன்று வெள்ளிவிழாக் காணும்போது, எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர், எத்தனை பேர் பட்டம் பெற்றனர் என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். அக்கணக்கு தேவையானதே. ஆயினும் அதனோடு மற்றொரு கேள்வியையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பிள்ளை ஒரு தாளை எடுத்துப் படித்தால், இதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், இதற்குச் சான்று என்ன என்று கேட்கத் தெரிந்திருக்கிறதா? அது தெரியாத படிப்பு பாதிப் படிப்பேயாகும்.

இது நமக்குப் புதிய வழியன்று. 1893ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907ஆம் ஆண்டில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். நம்மைக் குறித்துப் பிறர் எழுதியவற்றைப் படித்து, அப்படியே ஏற்காமல், வினவி, மறுமொழி எழுதிய பெருமக்கள் அவர்கள்.

அத்தகைய படிப்பு இல்லாதபோது என்ன நேர்ந்தது என்பதையும் நம் மண்ணே காட்டுகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. அம்மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், நம் மக்களின் நிலைமை பற்றி 1891ஆம் ஆண்டில் அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892ஆம் ஆண்டில் பஞ்சமி நில அரசாணை பிறந்தது. அந்நிலத்தைப் பிற வகுப்பாருக்கு விற்கலாகாது என்பது நிபந்தனை. இருந்தும் ஏராளமான நிலம் கைமாறிப் போயிற்று. வறுமையும் அச்சுறுத்தலும் அதற்குக் காரணங்கள். தம் கையிலிருந்த ஆவணத்தைத் தாமே படித்தறிய இயலாமையும் ஒரு காரணம். எனவே, வாசிப்பு என்பது நமக்கு உரிமையைக் காக்கும் கருவி.

இனி, வகுப்பறையில் செய்யத்தக்கவற்றை மூன்று படிகளாகக் கூற விரும்புகின்றோம்.

முதற்படி, பொருளறிந்து வாசித்தல். எழுத்துக்கூட்டி ஒலிப்பதோடு பல வகுப்புகளில் வாசிப்பு நின்றுவிடுகிறது. பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரையரே, 1963ஆம் ஆண்டில் ஆங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ 300 உழைப்பாளிகளுக்கு 40 மணி நேர அளவில் எழுதப் படிக்கக் கற்பித்தார். மக்களின் வாழ்க்கையில் புழங்கும் சொற்களைக் கொண்டே பாடத்தைத் தொடங்குவது அவர் முறை. நாமும் ஏரிக்கரை, லேத்துப் பட்டறை, ஷிப்டு, தண்ணீர் லாரி, மின்ரயில் என்று பிள்ளைகள் அன்றாடம் கேட்கும் சொற்களிலிருந்து தொடங்கலாம். அச்சொற்களைக் கரும்பலகையில் எழுதி, அவற்றைக் கொண்டு பிள்ளைகள் சொல்லும் வாக்கியங்களையே அன்றைய பாடமாக்கலாம்.

பின்பு பாடநூலுக்கு வரலாம். ஆசிரியர் ஒரு பத்தியை உரக்கப் படிக்க வேண்டும். பிள்ளைகள் உடன் படிக்க வேண்டும். அடுத்து இருவர் இருவராகப் படிக்க வேண்டும். கடைசியில் தனியே படிக்க வேண்டும். அதன்பின் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததைத் தம் சொந்தச் சொற்களில் சொல்லச் செய்ய வேண்டும். இக்கடைசிப் பகுதியைக் காலமில்லை என்று விட்டுவிடலாகாது. பிள்ளைக்குப் பொருள் விளங்கிற்றா என்பது அங்கேதான் தெரியும். தடுமாறும் பிள்ளையைப் பலர் முன்னிலையில் திருத்துவதும் கூடாது. நம் பிள்ளைகளில் பலர் வாய்திறக்க அஞ்சுவது அறியாமையால் அன்று. அவமானத்துக்கு அஞ்சியே என்பதை ஆசிரியர் உணர வேண்டும்.

இரண்டாம் படி, வினவுதல். கவச வண்டிக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தே 'ஆவடி' என்ற பெயர் உண்டாயிற்று என்று பலர் சொல்வர்; இணையத்திலும் காணலாம். இதையே ஒரு பாடமாக்குவோம். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை எழுந்தது 1960களில். ஆனால் 'சோஷலிச மாதிரி சமுதாயம்' என்ற தீர்மானத்தை நிறைவேற்றிய காங்கிரஸ் மாநாடு ஆவடியில் நடந்தது 1955ஆம் ஆண்டு சனவரியில். இவ்விரண்டு ஆண்டுகளையும் பலகையில் எழுதி, "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று கேளுங்கள். தொழிற்சாலைக்கு முன்பே பெயர் இருந்தது என்று பிள்ளைகள் சொல்வர். உடனே, "அப்படியானால் பெயரின் உண்மையான மூலம் நமக்குத் தெரிந்துவிட்டதா?" என்று கேளுங்கள். இல்லை. தொழிற்சாலையால் பெயர் வரவில்லை என்பது மட்டுமே தெரிந்தது. தொழிற்சாலைக்கு முன்பே இராணுவக் கிடங்கு இருந்திருந்தால் அதையும் ஆராய வேண்டும். அதற்குப் பழைய நிலவரைபடங்களையும் நிலப் பதிவேடுகளையும் பார்க்க வேண்டும். ஒரு சான்று எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்று அறிவதே ஆராய்ச்சி அறிவு.

மூன்றாம் படி, இணையத்தில் தேடுதல். "அம்பத்தூர் எந்த மாவட்டத்தில் உள்ளது?" என்று தேடச் செய்யுங்கள். ஒரு பக்கம் செங்கற்பட்டு என்னும், மற்றொன்று திருவள்ளூர் என்னும், இன்னொன்று சென்னை என்னும். மூன்றும் அந்தந்தக் காலத்தில் உண்மையே. திருவள்ளூர் மாவட்டம் 1997இல் பிரிந்தது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018இல் சென்னை மாவட்டம் விரிந்தபோது அதனுள் வந்தது. ஆகவே, எழுதப்பட்ட காலத்தைப் பார்க்காமல் எந்தப் பக்கத்தையும் நம்பலாகாது என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், 10 வரலாற்று அறிஞர்களும், 10 செய்திச் சரிபார்ப்பாளர்களும், 25 மாணவர்களும் இணையப் பக்கங்களை மதிப்பிடும் முறையை ஒப்பிட்டனர். அறிஞர்களும் மாணவர்களும் பக்கத்தின் தோற்றத்தில் பலகால் ஏமாந்தனர். சரிபார்ப்பாளர்களோ அப்பக்கத்திலேயே தங்காமல், அதை வெளியிட்டவர் யார் எனப் பிற இடங்களில் தேடி, விரைவில் உண்மையை அறிந்தனர். இம்முறையை நம் பிள்ளைகளும் பழகலாம். இதற்குக் கணினிக்கூடம் வேண்டுவதில்லை. நால்வருக்கு ஒரு கைப்பேசி போதும். ஒருவர் தேடவும், ஒருவர் படிக்கவும், ஒருவர் குறிப்பெழுதவும், ஒருவர் "சான்று என்ன?" என்று கேட்கவும் வேண்டும். வாரந்தோறும் பணிகளை மாற்றிக்கொள்ள வேண்டும். பெண்பிள்ளைகள் கையிலும் கைப்பேசி வரவேண்டும் என்பதற்காகவே இதை வற்புறுத்துகின்றோம். செயற்கை நுண்ணறிவுச் செயலி அழகிய தமிழில் விடை தந்தாலும், நான்காமவரின் கேள்வி அதற்கும் உண்டு.

இளைஞர்களே! கல்வி உதவித்தொகை தருகிறோம், வேலை தருகிறோம், முதலில் பணம் கட்டுங்கள் என்று வாட்ஸப்பில் செய்தி வருகிறது. வாங்குபவர் வறியவர் என்பது அனுப்புபவருக்குத் தெரியும். அச்செய்தி எந்தத் துறையின் பெயரில் வந்ததோ, அத்துறையின் தளத்தை நாமே திறந்து பார்க்க வேண்டும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா, அறிவிப்பில் எண்ணும் நாளும் உள்ளனவா என்று நோக்க வேண்டும். வகுப்பில் பழகிய பழக்கம் அன்றைக்குக் குடும்பத்தின் பணத்தைக் காக்கும்.

தாய்மார்களே! ரேஷன் கடைக் குறுஞ்செய்தியையும், மின்கட்டண ரசீதையும், வங்கிக் கடிதத்தையும் பிள்ளையைப் படிக்கச் சொல்லி, பொருளையும் கேளுங்கள். வீட்டில் மதிக்கப்படும் வாசிப்பே பள்ளியிலும் வளரும்.

நம் முன்னோர் காலணா இதழை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டனர். நம் பிள்ளைகள் கையில் உலகமே இருக்கிறது. கேள்வியைக் கொடுக்க வேண்டியது நம் கடமை. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில், தேர்ச்சி பெற்றோர் பட்டியலோடு, எழுதப்பட்டதை ஆராய்ந்து தம் உரிமையைத் தாமே கேட்டுப் பெறும் தலைமுறையையும் உருவாக்குவோமாக!