இணையவழித் தொழிலில் முதல் ஆறு மாதம்

(எமது சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



இளைஞருக்குப் பயன்படத்தக்க ஒரு பொருளைப் பற்றிப் பேசவேண்டுமென நமது காரியதரிசி பணித்தார். படிப்பை முடித்துவிட்டு நிற்கும் நம் பிள்ளைகளிடையே இன்று அடிக்கடி அடிபடும் பேச்சு ஒன்றுண்டு. “வீட்டிலிருந்தபடியே இணையத்தில் வேலை செய்து டொலரில் சம்பாதிக்கலாமாமே!” என்பதே அது. ஃபிரீலான்ஸ் என்று சொல்லப்படும் இத்தொழிலை முழுப் புரட்டென்று தள்ளுவாரும் உளர். கற்பகத் தருவென்று நம்பி, தாயின் நகையை அடகு வைத்து லெப்டொப் வாங்குவாரும் உளர். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று சில உண்மைகளைச் சொல்வதே என் நோக்கம்.

பசறையிலோ, மடுல்சீமையிலோ, அப்புத்தளையிலோ ஒரு பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டால், அதன்முன் உள்ள வழிகள் எவை? கொழும்பில் கடைச் சிப்பந்தி வேலை, ஆடைத் தொழிற்சாலை, மத்திய கிழக்கு. இவற்றுள் எதை ஏற்றாலும் வீட்டை விட்டுப் போகவேண்டும். பெண்பிள்ளைகளுக்கோ அந்த வழிகளும் சுருங்கிவிடுகின்றன. இந்நிலையில், லயத்து அறையிலிருந்தே செய்யத்தக்க ஒரு தொழில் உண்மையாகவே உண்டெனில், அதை ஆராயாமல் விடுவது அறிவுடைமையாகாது.

இத்தொழிலின் போக்கு நமக்கு அந்நியமானதென்று எண்ணவேண்டா. நமது தேயிலையையே பாருங்கள். கொழும்புத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. ஆடி, ஆவணியில் கச்சான் காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் வருகிறது. அதற்கு நல்ல விலையும் கிடைக்கிறது. ஆனால் அதை வாங்குகிறவர் கொழுந்து பறித்த கையைக் கண்டதில்லை; நம் மலையையும் கண்டதில்லை. அவர் காண்பது ஒரு சிறு மாதிரி. அதைச் சுவைத்துப் பார்த்தே விலை கேட்கிறார். நடுவே தரகர் தம் தரகை எடுத்துக்கொள்கிறார். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கொரோனா ஊரடங்கின்போது அந்த ஏலமே இணையத்துக்கு மாறிவிட்டது.

இணையவழித் தொழிலும் இதுவே. அப்வேர்க், ஃபைவர் முதலியவை ஏலக்களங்கள். வேலை கொடுப்பவர் கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருப்பார். அவர் உங்களைக் காணமாட்டார்; உங்கள் மாதிரியைக் காண்பார். களத்துக்காரர் தரகு எடுப்பார். ஆகவே மாதிரி, விலை கூறல், தரகு, பேர் என்னும் நான்கையும் விளங்கிக்கொண்டால் தொடக்கத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலாவது, மாதிரி. “எனக்குக் கம்பியூட்டர் தெரியும்” என்பது மாதிரியாகாது. என்ன செய்யத் தெரியும் என்பதே கேள்வி. ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்: கணக்கேடு எழுதுதல், படம் வரைதல், வெப்தளம் அமைத்தல், வீடியோவுக்கு எழுத்துச் சேர்த்தல், மொழிபெயர்ப்பு, எதுவாயினும் சரி. பத்துத் தொழிலை அரைகுறையாகக் கற்றவனைவிட ஒன்றைத் திருத்தமாகச் செய்பவனுக்கே வேலை வரும். மொறட்டுவப் பல்கலைக்கழகம் வெப்தளத் தொழிலைக் கற்பிக்கும் பாடங்களை இணையவழி இலவசமாகத் தருகிறது. ஆங்கிலத்தில் அமைந்தவையாயினும், நாலைந்து பேர் கூடியிருந்து படித்தால் கடினமில்லை.

நம் பகுதிப் பிள்ளைகளுக்குப் பிறருக்கு இல்லாத ஒரு செல்வம் உண்டு. வீட்டில் தமிழ், கடைவீதியில் சிங்களம், பள்ளியில் ஆங்கிலம் என மூன்று மொழியும் காதில் விழுந்து வளர்கிறவர்கள் நாம். யாழ்ப்பாணத்திலும் தமிழ்நாட்டிலும் நன்கு படித்த பலருக்கும் இந்த வாய்ப்பு இல்லை. ஆனால் பேசத் தெரிவது வேறு, பிழையற எழுதத் தெரிவது வேறு. மூன்றிலும் எழுதிப் பழகுங்கள். யூனிகோட் முறையில் விரைவாகத் தட்டச்சுச் செய்யப் பழகுங்கள். மாதிரி வேண்டுமெனில் 2003ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் தமிழ் விக்கிப்பீடியாவில் உங்கள் ஊரைப் பற்றியோ தேயிலைத் தொழிலைப் பற்றியோ சான்றுகளோடு கட்டுரை எழுதுங்கள். அதற்குக் கூலியில்லை, ஆயினும் முன்பின் அறியாதவர் உங்கள் பிழையைத் திருத்துவார். அந்தத் திருத்தத்தைக் கோபமின்றி ஏற்கும் பழக்கமே இத்தொழிலின் அரைப்படிப்பு.

இங்கு ஓர் எச்சரிக்கை. 2022ஆம் ஆண்டு நவம்பரில் சட்ஜிபிடி வந்தபின், எளிய எழுத்து வேலையும் சாதாரண மொழிபெயர்ப்பும் இயந்திரத்தின் கைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வெறும் நகலெடுக்கும் வேலையை நம்பி இன்று இறங்குபவர் ஏமாறுவர். இயந்திரம் தந்ததைச் சரிபார்த்து, “இது தவறு, இன்ன காரணத்தால் தவறு” என்று சொல்லும் அறிவுக்கே இனி மதிப்பு. ஆகவே கல்வியைக் குறைத்துக்கொண்டு இத்தொழிலுக்கு வரலாமென எண்ணுவது பேதைமை. இது கூடுதலாகப் படிக்கச் சொல்லும் தொழில்.

இரண்டாவது, விலை கூறல். வேலை வேண்டி எழுதும் விண்ணப்பத்தில் நம்மவர் செய்யும் பெரும்பிழை, ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவது. அப்வேர்க்கில் விண்ணப்பிப்பதற்கே ‘கனெக்ட்ஸ்’ எனப்படும் சீட்டுகள் செலவாகும்; அவை தீர்ந்தால் காசு கொடுத்து வாங்கவேண்டும். ஆதலின் நாளுக்கு இரண்டு போதும். ஒவ்வொன்றையும் முழுவதும் படியுங்கள். அவருடைய தேவையை இரண்டு வரியில் எழுதி, அதை எவ்வாறு செய்வீர்கள் என்பதை மூன்று வரியில் சொல்லி, பொருத்தமான ஒரு மாதிரியை இணையுங்கள். குடும்பக் கஷ்டத்தை எழுதவேண்டா. ஏலத்தில் தேயிலையின் வறுமையை யாரும் கேட்பதில்லை.

மூன்றாவது, தரகும் கணக்கும். ஃபைவர் களம் விற்பவரிடமிருந்து 20 வீதம் எடுத்துக்கொள்கிறது. 10 டொலர் வேலைக்குக் கையில் வருவது 8 டொலர். அதுவும் புதியவருக்கு வேலை முடிந்து 14 நாள் கழிந்தபின்னரே எடுக்கத்தக்கதாகும். டொலர் 300 ரூபாவென்று கொண்டால் 8 டொலர் 2400 ரூபா. 2024ஆம் ஆண்டில் தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டதை நினைத்து, “ஆகா, இது மேல்” என்பீர்கள். பொறுங்கள். அந்த வேலை பழக்கமின்மையால் மூன்று நாள் பிடித்திருந்தால், நாளுக்கு 800 ரூபா. அதிலும் டேட்டாச் செலவு, வங்கிச் செலவு கழியும். முதல் மாதங்களில் மகனின் வருமானம் மலையேறும் தாயின் கூலிக்கும் கீழேதான் நிற்கும். இதை வீட்டார் அறிந்திருப்பது நல்லது. ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை மணி நேரம் சென்றதென்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியே, எப்போது விலையை உயர்த்தலாம், எந்த வேலையை விட்டுவிடலாம் என்பதைச் சொல்லிக்கொடுக்கும்.

நான்காவது, பேர். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை முடித்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். இணையத் தொழிலிலும் அப்படியே. வேலை முடிந்ததும் கொடுத்தவர் நட்சத்திரம் இட்டு இரண்டு வரி எழுதுவார். அடுத்து வருபவர் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆகவே முதல் ஐந்து வேலைகளைச் சிறியனவாகத் தேர்ந்து, சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். விளங்காததைத் தொடக்கத்திலேயே கேளுங்கள். மின்சாரமும் தொலைபேசியும் நம் கையில் இல்லை. 2022ஆம் ஆண்டில் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததையும், 2025 நவம்பரில் டிட்வா புயலின்போது நம் மலைகள் சரிந்ததையும் மறந்திருக்கமாட்டீர்கள். தடை வருமெனத் தோன்றினால் வேலை கொடுத்தவருக்கு முற்கூட்டியே இரண்டு வரி எழுதிவிடுங்கள். தாமதத்தைப் பொறுப்பவர் பலர். மௌனத்தைப் பொறுப்பவர் சிலரே.

இனி, விழிப்பாயிருக்கவேண்டிய மூன்று பொறிகளைச் சொல்கிறேன்.

“முதலில் காசு கட்டு, பிறகு வேலை தருகிறோம்” என்பது முதற்பொறி. வட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வரும் இத்தகைய அழைப்புகள் முதலில் சிறு தொகை கொடுத்து ஆசை காட்டும். பின்பு பெருந்தொகையை விழுங்கும். கூலி கொடுப்பவன் கூலியாளிடம் பணம் கேட்கமாட்டான்.

இரண்டாவது, புதிய கங்காணி. நம் மூதாதையரைக் கடனால் கட்டி வைத்த ‘துண்டு’ முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. இன்று சிலர், “என் கணக்கில் நீ வேலை செய், பாதிக் காசு தருகிறேன்” என்று பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். வேலை உன்னுடையது, பேர் அவருடையது. ஈராண்டு உழைத்தபின்னும் உனக்கென ஒரு நட்சத்திரம் இராது. கணக்கை விற்பதும் வாடகைக்கு விடுவதும் அந்தக் களங்களின் விதிக்கு மாறானவை. கண்டுபிடிக்கப்பட்டால் கணக்கு மூடப்படும். சிறிதாயினும் உன் சொந்தப் பேரில், உன் அடையாள அட்டையோடு தொடங்கு.

மூன்றாவது மிகக் கொடியது. நல்ல கணினி வேலையென்று ஆசை காட்டி வெளிநாட்டுக்கு அழைப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வாறு போன இலங்கை இளைஞர் பலர் 2024ஆம் ஆண்டில் மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டுக் கிடந்தனர். பெற்றோர்களே, கணினி வேலைக்கென விமானச் சீட்டுத் தருவதாக யாரேனும் சொன்னால் ஒன்றுக்குப் பத்து முறை விசாரியுங்கள்.

பணம் வந்து சேரும் வழியையும் முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்ளவேண்டும். பேயோனியர் போன்ற சேவையில் கணக்குத் திறந்தால் அங்கிருந்து உள்ளூர் வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கிலும் அடையாள அட்டையிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கட்டும். தோட்டத்துப் பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருப்பது நமக்குப் பழைய வியாதியன்றோ? அதை முதலில் திருத்திக்கொள்ளுங்கள். வரிக்கும் அஞ்சவேண்டா. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை தனியாளுக்கு விலக்கு உண்டு. அதற்கு மேற்பட்ட வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் 15 வீதமே உச்சம் என்று விதித்தார்கள். கணக்கை ஒழுங்காக எழுதி வைப்பவனுக்கு வங்கியில் கடன் கேட்கவும் முகம் இருக்கும்.

பெரியோர்களே, இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். கொழும்புக்குப் போனவன் மாதமுடிவில் காசு அனுப்புகிறான். வீட்டில் பெட்டிமுன் உட்கார்ந்திருப்பவன் நாலு மாதமாகியும் ஒன்றும் கொண்டுவரவில்லை. “சும்மா இருக்கிறான்” என்று அயல் லயத்தார் பேசுவார்கள். அந்தச் சொல் பிள்ளையின் மனத்தை உடைத்துவிடும். தேயிலைக் கன்று நட்ட மறுமாதம் யாரும் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அது கொழுந்து தர மூன்று நாலு ஆண்டு பொறுக்கிறோம். பிள்ளைக்கு ஆறு மாதமேனும் பொறுக்கலாகாதா? பெண்பிள்ளையெனில், விறகுக்கும் தண்ணீருக்கும் அவளையே அனுப்பாமல், நாளில் நாலு மணி நேரமேனும் அவளுக்கென ஒதுக்கிக் கொடுங்கள்.

வாலிபர்களே, அந்த ஆறு மாதம் உங்களுக்குத் தரப்படும் தவணை. முதலிரண்டு மாதம் கற்றலுக்கும் மாதிரிக்கும்; அடுத்த இரண்டு மாதம் விண்ணப்பத்துக்கும் சிறு வேலைக்கும்; கடைசி இரண்டு மாதம் கணக்குப் பார்ப்பதற்கு. கொப்பியைப் பெற்றோரிடம் காட்டுங்கள். மணிக் கணக்கில் வருமானம் ஏறிவருகிறதெனில் தொடருங்கள். ஏறவில்லையெனில் பகலில் வேறு வேலையை ஏற்று, மாலையில் இதைச் செய்யுங்கள். அதில் வெட்கமில்லை. இருக்கும் உத்தியோகத்தை விட்டுவிட்டு ஒரேயடியாக இதில் குதிக்கவும் வேண்டா. கடன்பட்டுப் புதிய லெப்டொப் வாங்குவதைவிட, திருத்திய பழையதொன்றில் தொடங்குவது மேல்.

சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. இந்த மண்டபம் வாரத்தில் பல நாள் பூட்டிக் கிடக்கிறது. இதில் ஓர் இணைய இணைப்பும், மின்வெட்டுக்கு ஒரு பற்றரியும், இரண்டு கணினியும் வைத்தால், தனித்தனியே லயத்தில் சோர்ந்து போகும் பத்துப் பிள்ளைகள் இங்கே கூடியிருந்து உழைப்பார்கள். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பான். ஒருவனுக்கு வந்த மோசடிக் கடிதம் மற்றவரைக் காக்கும். திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதுமானது. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரும்படி சங்க அங்கத்தவர்களை வேண்டிக்கொள்கிறேன்.

நம் தேயிலை நம் பேரில்லாமலே உலகம் சுற்றிவந்தது. நம் பிள்ளைகளின் வேலையாவது அவர்கள் சொந்தப் பேரோடு கடல் கடந்து போகட்டும்.