சொந்தக் கூரையும் வாடகை வீடும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

அயல்நாடுகளில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், 1917ஆம் ஆண்டு பரோடா சமஸ்தானத்தில் பணியேற்றார். பதவி கிடைத்தது, வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் ஒதுங்கியவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. அதே பெருமகனார் 1930களில் பம்பாய் தாதரில் 'ராஜகிருகம்' எழுப்பித் தம் நூல்களுக்கும் குடும்பத்தார்க்கும் நிலையான இடம் தேடிக்கொண்டார்.

நம் பிள்ளைகளும் ஜெயங்கொண்டத்தில் வீடு தேடியபோது, "எந்தத் தெரு?" என்னும் கேள்விக்கு விடை கூறியதும் கதவு சாத்தப்பட்டதை அறிவோம். ஆகவே, விழா நிதியைக் கொண்டு பழைய ஓட்டு வீடு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, வாடகைக்கு விட்டு, வருவாயை மாணவர்க்கு உதவலாம் என்னும் கருத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும், ஆசை வேறு, கணக்கு வேறு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். வீட்டுக்கும் செப்பனிடவும் 15 லட்சம் ரூபாய் செலவாகிறது. மாத வாடகை 6,000 எனில் ஆண்டுக்கு 72,000 ரூபாய். வரி, பழுது, வீடு காலியாகக் கிடக்கும் மாதம் ஆகியவற்றைக் கழித்தால் ஏறத்தாழ 60,000 மிஞ்சும். அது நூற்றுக்கு 4 ரூபாய்தான். நூற்றுக்கு 9 வட்டியில் கடன் வாங்கினால் வட்டியே 1,35,000 ஆகும். எனவே கடன்பட்டு வாங்குதல் தகாது. கையிருப்பில் வாங்கினால் மனை நம்முடையதாய் நிற்கும். வாடகை கல்விக்குப் பயன்படும்.

வாங்குமுன் தாய்ப்பத்திரம், பட்டா, முப்பது ஆண்டுகளுக்கேனும் வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்த்தல் வேண்டும். பத்திரம் சங்கத்தின் பெயரிலேயே பதிவாகட்டும். பொறுப்பாளர் எவர் பெயரிலும் ஆகலாகாது. ஆவணத்தைப் படியாமல் கைந்நாட்டு வைத்ததால் நாம் இழந்தவை கொஞ்சமல்ல. 1892ஆம் ஆண்டு ஆணைப்படி நம் முன்னோர்க்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தை முதற் பத்தாண்டுகள் எவர்க்கும் விற்கலாகாது. அதன்பின்னும் நம்மவர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பதே நிபந்தனை. அப்படியிருந்தும் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று.

செப்பனிடுகையில் வண்ணப்பூச்சுக்கு முன் கூரையைக் கவனியுங்கள். கரையான் தின்ற கைமரம், உடைந்த ஓடு, ஈரம் ஏறிய சுவர், கழிப்பறை, மின்கம்பி ஆகியவற்றைச் சரிசெய்தபின் சுண்ணாம்பு அடிக்கலாம்.

குடியமர்த்தும்போது ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் அதையே வேண்டுகிறது. வாங்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது தருவோம்; ஆண்டுதோறும் பொதுக்குழுவில் கணக்கை வாசிப்போம்.

இறுதியாக ஒன்று. நாளை நம் வாசலில் குடியிருப்பு தேடி ஒருவர் வந்து நிற்பார். அவர் வாடகை தருவாரா, வீட்டைப் பேணுவாரா என்று கேட்போம். எந்தத் தெரு என்று மட்டும் கேட்கமாட்டோம். நம் முகத்தில் சாத்தப்பட்ட கதவை நாம் எவர் முகத்திலும் சாத்தலாகாது. அந்த உறுதியோடு சாவியைப் பெறுவோமாக!

வாழ்க கல்வி! வளர்க ஒற்றுமை!